பதிவறையும் பழைய பாட்டும்: யோகி பி-யின் இசைத்தட்டுப் பணி

ராக் இசையின் வரலாறு பெரும்பாலும் மேடையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கிதாரைத் தோளில் மாட்டிய பாடகரும் அவர் முன் ஆர்ப்பரிக்கும் கூட்டமும் அவ்வரலாற்றின் நிலைத்த படங்களாகிவிட்டன. எனினும் அவ்விசையை 1950களுக்குப் பின் கண்டம்விட்டுக் கண்டம் கொண்டுசென்றது இசைத்தட்டுதான் என்பதையும், ஒரு பாட்டு இசைத்தட்டாகும் வழியில் எந்த ஒலி முன்னே நிற்க வேண்டும், எது பின்னே ஒதுங்க வேண்டும், எது அறவே நீங்க வேண்டும் என்று பதிவறைக்குள் இருந்து முடிவு செய்த ஒருவர் எப்போதும் இருந்தார் என்பதையும் அந்தப் படங்கள் காட்டுவதில்லை. அவரே இசைத்தட்டுத் தயாரிப்பாளர். திரைப்படத் தயாரிப்பாளரைப் போல முதல் போடுவது அவருடைய முதன்மைப் பணி அன்று. மெட்டமைப்பவராக அவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பதிவான ஒலி கேட்பவர் காதில் எவ்வாறு விழ வேண்டும் என்பதற்குப் பொறுப்பேற்பவர் என்று அவரை வரையறுப்பது பொருந்தும்.

இப்பொறுப்பு தனிக் கலையாக வளர்வதற்குக் கருவிகளின் மாற்றமே காரணமாயிற்று. அமெரிக்கக் கிதார் கலைஞர் லெஸ் பால் 1957-ல் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் எட்டுத் தட ஒலிப்பதிவுக் கருவியைத் தம் வீட்டுப் பதிவறையில் நிறுவினார். ஒரே நாடாவில் எட்டு இணைகோடுகளில் தனித்தனியே ஒலியைப் பதிந்து, பின்னர் அவற்றைச் சேர்த்துக் கலக்கும் முறை பல்தட ஒலிப்பதிவு எனப்படுகிறது. அதன்பின் ஒரே நேரத்தில் ஒரே அறையில் எல்லாரும் கூடி வாசித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமற்போயிற்று. 1966-ல் வெளிவந்த ‘ரிவால்வர்’ தொகுப்பின் இறுதிப் பாட்டுக்காகப் பீட்டில்ஸ் குழுவினரும் அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் நாடாத் துண்டுகளை வளையமாக ஒட்டி, பல கருவிகளில் ஒரே சமயத்தில் சுழலவிட்டு, கலவை மேசையின் நெம்புகளை ஏற்றியும் இறக்கியும் அப்பாட்டின் ஒலியைக் கட்டினர். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் கிங் டப்பி என்ற ஒலிப்பொறியாளர், முடிந்துபோன பாட்டிலிருந்து குரலை உருவியெடுத்து, தாளத்தையும் அடித்தந்தி ஒலியையும் மட்டும் நிறுத்தி, இடையிடையே எதிரொலியைத் தூவி ‘டப்’ என்ற வகையை 1970களில் வளர்த்தார். பிரிட்டிஷ் ராக் கலைஞரும் தயாரிப்பாளருமான பிரையன் ஈனோ, பதிவறையே இசையமைக்கும் கருவி என்று 1979-ல் உரை நிகழ்த்தியபோது, இருபதாண்டுகளாகக் கைவினைஞர்கள் செய்துவந்ததற்கு ஒரு கோட்பாட்டு வடிவம் கிடைத்தது.

தமிழிசை உலகில் இப்பொறுப்புக்குத் தனியான இடம் அமையவில்லை. திரைப்படமே இசைத்தட்டின் தாய்வீடாக இருந்தமையால், மெட்டு, இசைக்கோவை, பதிவு, கலவை ஆகிய அனைத்தும் இசையமைப்பாளர் என்ற ஒருவர் பெயருக்குள் அடங்கின. பாட்டு எப்படி ஒலிக்க வேண்டும் என்ற கேள்வி, காட்சி எப்படி அமைய வேண்டும் என்ற கேள்விக்கு அடுத்தபடியாகவே நின்றது. சென்னையில் ஏ.ஆர். ரகுமான் 1989-ல் தம் வீட்டை ஒட்டிப் ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ என்ற பதிவறையை அமைத்ததும், 1992-ல் ‘ரோஜா’ வெளிவந்ததும் இந்நிலையைப் பெருமளவு மாற்றின. இளமையில் ராக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவரான ரகுமான், பதிவறையில் நாட்கணக்காக ஒலியடுக்குகளைச் சேர்த்தும் கழித்தும் பாட்டை உருவாக்கும் தயாரிப்பாளரின் முறையைத் திரையிசைக்குள் கொண்டுவந்தார். ஆயினும் அவருடைய பணியும் திரைப்படம் என்ற கூரையின் கீழேயே பெரிதும் நடந்தது. திரைப்படத்தின் துணையின்றி ஒரு தமிழ் இசைத்தட்டு தன் சொந்தக் காலில் நின்று கடல் கடந்து செல்லக்கூடும் என்பதை மெய்ப்பித்த நிகழ்ச்சிகளுள் முக்கியமான ஒன்று கோலாலம்பூரில் நடந்தது. யோகி பி என்று அறியப்படும் யோகேஸ்வரன் வீரசிங்கத்தின் இசைவாழ்வை இச்சொற்பொழிவு அந்தக் கோணத்திலிருந்தே ஆராய்கிறது. அவர் ராப் கலைஞராகவே பொதுவாக அறிமுகப்படுத்தப்படுகிறார். அவருடைய பணியின் பெறுமதி குரலோடு முடிந்துவிடுவதில்லை என்பதும், பழைய திரைப்பாட்டை மூலப்பொருளாக ஏற்றுப் புதிய இசைத்தட்டைக் கட்டிய தயாரிப்பாளர் என்ற நிலையில்தான் அவரை முதலில் மதிப்பிட வேண்டும் என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

மலேசியத் தமிழ் இளைஞருக்கு ராக் இசை புதிதன்று. பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் ‘அலிகேட்ஸ்’ குழு, 1970களில் ஹாங்காங்கில் ஆங்கிலப் பாடல்களைப் பாடிப் பயின்று திரும்பி, மலாய் மொழிப் பாடல்களின் வழியே நாடெங்கும் புகழ்பெற்றது. கோலாலம்பூர் நகரை நோக்கிப் புன்னகை செய்யச் சொல்லும் அக்குழுவின் மலாய்ப் பாட்டு, இன்றும் இனவேறுபாடின்றி மலேசியர் பலர் முணுமுணுக்கும் பாட்டாக இருக்கிறது. அதைப் பாடியவர்கள் பினாங்குத் தமிழர்கள் என்பது தமிழர்களாலேயே அரிதாக நினைக்கப்படுகிறது. 1980களின் பிற்பகுதியில் மலாய் ராக் பேரலையாக எழுந்தது. 1989-ல் ‘சர்ச்’ குழுவின் ‘இசபெல்லா’ இந்தோனேசியா வரை சென்றது. 1992-ல், நீண்ட முடி வைத்த ராக் கலைஞர்கள் அரசுத் தொலைக்காட்சியில் தோன்றக் கூடாது என்று தடை விதிக்கும் அளவுக்கு அவ்விசையின் செல்வாக்கு ஆட்சியாளரைக் கவலையுறச் செய்தது.

அந்த அலையில் தமிழரும் கிதார் வாசித்தனர், டிரம்ஸ் அடித்தனர். ஆனால் அவர்களுக்கு முன் திறந்திருந்தவை இரண்டு வழிகளே. மலாயிலோ ஆங்கிலத்திலோ பாடிப் பொதுச் சந்தைக்குச் செல்வது ஒன்று. தமிழிலேயே நிற்க விரும்பினால், திருமண மண்டபங்களிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் சென்னையிலிருந்து வந்த திரைப்பாடல்களை அச்சு மாறாமல் பாடுவது மற்றொன்று. சென்னைக்கே சென்றுவிடும் மூன்றாம் வழியும் இருந்தது. மலேசியா வாசுதேவன் அவ்வழியில் சென்று, 1977-ல் ‘16 வயதினிலே’ படத்தின் மூலம் நிலைபெற்று, பிறந்த நாட்டைப் பெயரில் சுமந்தபடியே தமிழகத்தின் குரல்களுள் ஒன்றானார். அத்தகைய பெருந்திறன் வாய்த்தவருக்கும் ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது என்பது கருதத்தக்கது.

இதே காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழர் வாழ்வு அடியோடு மாறிக்கொண்டிருந்தது. மேரு, காப்பார், பந்திங் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் துண்டாடப்பட்டு வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் சென்றன. லயத்து வீடுகளில் வளர்ந்த தலைமுறையின் பிள்ளைகள் அடுக்குமாடிகளிலும் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளிலும் மலாய், சீன இளைஞரோடு ஒரே பேருந்து நிறுத்தத்திலும் ஒரே கால்பந்துத் திடலிலும் வளர்ந்தனர். தோட்டத்தில் கோயிலும் பள்ளியும் கள்ளுக்கடையும் ஒரு சிறு உலகமாக அமைந்து மொழியைக் காத்தன. நகரத்தில் அந்த வேலி இல்லை. அப்பிள்ளைகளின் பேச்சில் ஒரு வாக்கியத்துக்குள்ளேயே மூன்று மொழிகள் கலந்தன. சென்னைத் திரைப்பாட்டு அவர்கள் வீட்டின் மொழியைப் பேசியது. அவர்கள் தெருவின் மொழியை அதனால் பேச முடியவில்லை.

தெருவின் மொழியைப் பேசும் இசை அமெரிக்காவிலிருந்து வந்தது. ஹிப் ஹாப் எனப்படும் அவ்விசையின் பிறப்பு பொதுவாக 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொழுதுபோக்கு அறையில் நடந்த கொண்டாட்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. கிங்ஸ்டனில் பிறந்து சிறுவயதில் நியூயார்க் வந்த டிஜே கூல் ஹெர்க், ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரு சுழல்மேடைகளில் வைத்து, பாடகர் வாய்மூடி டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு, அச்சில நொடிகளைப் பல நிமிடங்களாக நீட்டினார். அதன்மேல் சந்தத்தோடு பேசுவது ராப். வாத்தியம் வாங்கவும் பயிற்சி பெறவும் வசதியற்ற இளைஞர் கையில் பழைய இசைத்தட்டே வாத்தியமாக மாறிய விந்தை அது. ராக் இசையோடு அதற்கிருந்த உறவும் ஆழமானது. 1986-ல் ரன்-டிஎம்சி என்ற ராப் குழுவையும் ஏரோஸ்மித் என்ற ராக் குழுவையும் ஒரே பாட்டில் சேர்த்துப் பதிந்த தயாரிப்பாளர் ரிக் ரூபின், தம் பல்கலைக்கழக விடுதி அறையிலிருந்து இசைத்தட்டு நிறுவனம் தொடங்கியவர். பின்னாளில் ராக், ராப் ஆகிய இரண்டிலும் முன்னணித் தயாரிப்பாளராக விளங்கினார்.

சுழல்மேடையின் இடத்தைச் சாம்பிளர் என்ற கருவி பிடித்தபோது தயாரிப்பாளரின் கைவரிசை முழுமை பெற்றது. பதிந்த ஒலியின் ஒரு துண்டை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, விரலால் தட்டும்போதெல்லாம் அதை ஒலிக்கச் செய்வது சாம்பிளர். 1987-ல் வந்த எஸ்பி-1200 என்ற கருவியில் மொத்தமாகச் சேமிக்கக்கூடிய ஒலி ஏறத்தாழ 10 நொடி மட்டுமே. அந்த நெருக்கடியைக் கடக்கத் தயாரிப்பாளர்கள் 33 சுற்று வேகத்தில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45 சுற்று வேகத்தில் ஓட்டி, குறைந்த நேரத்துக்குள் மிகுந்த ஒலியை அடைத்துக்கொண்டு, பின்னர்க் கருவிக்குள் அதன் வேகத்தைக் குறைத்தனர். அப்படிக் குறைக்கும்போது ஒலியின் தெளிவு மங்கி ஒருவகைக் கரடுமுரடு ஏறியது. அக்கரடே அக்கால ஹிப் ஹாப் ஒலியின் அழகாயிற்று. மறு ஆண்டு அகாய் நிறுவனத்துக்காக ரோஜர் லின் வடிவமைத்த எம்பிசி-60 இம்முறையை இன்னும் எளிதாக்கியது. இசைக்குழுவைத் திரட்டுவதற்கோ பெரிய பதிவறையை வாடகைக்கு எடுப்பதற்கோ பணமில்லாத ஒரு தலைமுறைக்கு இக்கருவிகள் கிடைத்ததன் பயன் பிராங்ஸோடு நிற்கவில்லை. கோலாலம்பூரிலும் இசையமைப்பதற்கான நுழைவுக் கட்டணம் குறைந்தது.

1990களில் யோகி பி-யும் பாயிண்ட் பிளாங்க், லேண்ட்ஸ்லைட், சி. லோக்கோ ஆகியோரும் சேர்ந்த ‘போயட்டிக் அம்மோ’ குழு உருவாயிற்று. அக்குழுவின் முதல் தொகுப்பான ‘இட்ஸ் எ நைஸ் டே டு பி அலைவ்’ 1998-ல் பாசிட்டிவ் டோன் நிறுவனத்தின் வழியே வெளிவந்தது. ஆங்கிலத்தை முதன்மையாகக் கொண்ட அத்தொகுப்பில் மலாய், காண்டோனீஸ், தமிழ் ஆகிய மொழிகளிலும் பாட்டுகள் அமைந்திருந்தன. மலேசிய வானொலியும் தொலைக்காட்சியும் மொழிவாரி அலைவரிசைகளாகப் பிரிந்திருந்த சூழலில் நான்கு மொழிகளை ஒரே உறைக்குள் வைப்பது வணிகக் கணக்குக்குப் பொருந்தாத துணிச்சல். ஒவ்வொரு அலைவரிசையும் தனக்குரிய ஒரு பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும் என்பது தெரிந்தே அது செய்யப்பட்டது. ஆனால் தொகுப்பை முழுதாகக் கேட்பவருக்கு, ஒரு நகரத்தின் பேச்சு முழுதாகக் கிடைத்தது. தமிழ் அங்கே விருந்தினர் மொழியாக, ஓரமாக ஒதுக்கப்பட்டு நிற்கவில்லை. ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் சீனத்துக்கும் பின்னணியில் ஒலித்த அதே பருத்த தாளம் தமிழுக்கும் கொடுக்கப்பட்டது. தோட்டத்து மொழி என்று நகரத்தில் கூசிப் பேசப்பட்ட ஒரு மொழிக்கு, சமமான ஒலியளவு என்பது சிறிய பரிசன்று. ‘தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்’ 2000-லும், அதன்பின் 2003-ல் மற்றொரு தொகுப்பும் வந்தன. அவற்றின் சிறப்புகளை விரித்துரைக்க இங்கு இடமில்லை.

இனி 2006-க்கு வரலாம். டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய இருவரையும் உள்ளடக்கிய ‘நட்சத்திரா’வோடு யோகி பி வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பு, மலேசியத் தமிழ் இசைத்தட்டு வரலாற்றில் எல்லைக்கல் என்று கூறுவது மிகையாகாது. எட்டாண்டுக்கு முன் நான்கு மொழிகளுள் ஒன்றாக நின்ற தமிழ், இத்தொகுப்பில் நடுவிடத்தைப் பெற்றது. இதில் இடம்பெற்ற ‘மடை திறந்து’ மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பரவியதோடு நில்லாமல் தமிழகத்து இளைஞரையும் எட்டியது. சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு ஒருவழிப் பாதையாகவே பாய்ந்துகொண்டிருந்த இசை, படத்தின் துணையின்றி மறுதிசையில் பாய்ந்தது.

இப்பாட்டு எதன்மேல் கட்டப்பட்டது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். பாரதிராஜா இயக்கி 1980-ல் வந்த ‘நிழல்கள்’ படத்துக்காக வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாட்டு அது. வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பேசும் அப்படத்தில், இசையமைப்பாளராக வேண்டும் என்று ஏங்கி வாய்ப்புக்காக அலையும் ஓர் இளைஞன், தன் கனவில் எல்லாம் கைகூடிவிட்டதாக எண்ணிப் பாடும் சூழல் அதற்குரியது. படத்தில் அக்கனவு நனவாவதில்லை. மூலப்பாட்டின் துள்ளலுக்குள் ஒரு துயரம் ஒளிந்திருப்பதற்கு அதுவே காரணம்: கேட்பவர் மகிழ்ச்சியைக் கேட்கிறார், படம் பார்த்தவர் அம்மகிழ்ச்சி பொய்த்துப்போவதையும் சேர்த்துக் கேட்கிறார். இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின், திரையுலகின் வாசலுக்கு வெளியே, வேறொரு நாட்டில் நின்று இசையமைக்க விரும்பிய இளைஞர்கள் ஆயிரக்கணக்கான இளையராஜா பாடல்களிலிருந்து இந்த ஒன்றைத் தேர்ந்தனர். பதிவறைக்குள் நுழைய முடியாதவனின் கனவுப் பாட்டைத் தங்கள் பதிவறையிலேயே, தங்கள் பெயரிலேயே நனவாக்கினர். பொருத்தமான மெட்டைத் தேடியவர்களுக்கு இது தற்செயலாக அகப்பட்டிருக்கலாம். தற்செயலாயினும், தேர்வு என்பது தயாரிப்பாளரின் முதற்கலை. எதை எடுப்பது என்று அறிவதிலேயே அவர் திறன் பாதி வெளிப்படுகிறது.

எடுத்ததை என்ன செய்தார் என்பது மறுபாதி. திரைப்பாட்டின் வழக்கமான கட்டமைப்பு பல்லவி, இடையிசை, சரணம் என்று வளர்ந்து செல்வது. சரணத்தில் மெட்டு புதிய இடங்களுக்கு ஏறி, மீண்டும் பல்லவியில் வந்து இறங்கும். யோகி பி-யின் பாட்டில் பல்லவி மட்டுமே மூலத்தின் முகமாக நிலைத்தது. சரணங்கள் இருந்த இடத்தில் ராப் பகுதிகள் வந்தமர்ந்தன. மெட்டின் ஏற்ற இறக்கம் செய்துவந்த வேலையைச் சொல்லின் சந்தமும் மூன்று குரல்களின் வேறுபாடும் ஏற்றுக்கொண்டன. யோகி பி-யின் குரல் அடிவயிற்றிலிருந்து எழும் கனத்த குரல். அதை மாற்றிப் பிடிக்கும் மற்றக் குரல்கள் வேகத்தாலும் கூர்மையாலும் வேறுபடுகின்றன. பல்லவி திரும்பிவரும் ஒவ்வொரு முறையும், பழைய வீட்டுக்குத் திரும்பிய நிறைவும் புதிய தளத்தில் நிற்கும் கிளர்ச்சியும் ஒருசேரத் தோன்றுகின்றன. 1980-ல் அம்மெட்டைக் கேட்ட பெற்றோரும், 2006-ல் முதன்முறை கேட்ட பிள்ளைகளும் ஒரே காரில் அமர்ந்து ஒரே பாட்டை விரும்ப முடிந்தது இவ்வமைப்பினால்தான்.

தமிழ் ராப்பின் யாப்பு குறித்தும் சிறிது கூற வேண்டும். ஆங்கில ராப் வரியின் இறுதியில் வரும் ஒலியொப்புமையை, அதாவது தமிழிலக்கணம் இயைபு என்று சொல்வதை, முதன்மையாக நம்பியிருக்கிறது. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருவதால் இயைபு மிக எளிதாகக் கிடைத்துவிடும். வந்தான், சென்றான், நின்றான் என்று அடுக்கிக்கொண்டே போகலாம், அதில் கலை ஏதும் இல்லை. எனவே தமிழில் நன்கு ராப் பாடுபவர், வரியின் தொடக்கத்தில் நிற்கும் மோனையையும் இரண்டாம் எழுத்தில் நிற்கும் எதுகையையும் தாளத்தின் அழுத்தமான அடிகளோடு பொருத்த வேண்டியிருக்கிறது. வல்லின மெய்கள் இரட்டித்து வரும் சொற்கள் இயல்பாகவே தோற்கருவியைப் போல் ஒலிக்கின்றன. பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் திருப்புகழில் இவ்வளத்தை எல்லை வரை பயன்படுத்தினார். தைப்பூசத்தன்று பத்துமலைப் படிகளில் ஏறும் மலேசியத் தமிழருக்கு அச்சந்தம் காதோடு கலந்தது. உறுமி மேளக் குழுக்களில் சேர்ந்து வாசிப்பது மலேசியத் தமிழ் இளைஞரிடையே இன்றும் உயிர்ப்புள்ள வழக்கம். ஆகவே தமிழ் ராப் என்பது அயல்நாட்டுச் சட்டையைத் தமிழுக்கு மாட்டிய முயற்சி என்று சிலர் அக்காலத்தில் எண்ணியது சரியன்று. சந்தத்தை நாவிலும் தோலிலும் பழகியிருந்த ஒரு சமூகத்துக்கு, அதைப் பதிவறையில் ஒழுங்குபடுத்தும் முறை மட்டுமே புதிது.

பழைய பாட்டைக் கையாளும் இம்முறைக்குச் சட்டச் சிக்கலும் உண்டு. ஒவ்வொரு இசைத்தட்டிலும் இரு உரிமைகள் அடங்கியுள்ளன: மெட்டும் சொல்லும் ஆக்கியோர்க்கு உரியவை; பதிவான அந்த ஒலிக்கு அதைப் பதிந்து வெளியிட்டவர் உரிமையாளர். பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை அப்படியே வெட்டியெடுத்தால் இரண்டு உரிமைகளையும் தொட்டதாகும். மெட்டை மட்டும் எடுத்துப் புதிதாகப் பாடிப் பதிந்தால் முதலாவது மட்டும். 1979-ல் வந்த ‘ராப்பர்ஸ் டிலைட்’ என்ற பாட்டு, ‘ஷீக்’ குழுவின் நடனப் பாட்டொன்றின் தாளப்பகுதியை வேறு வாத்தியக்காரர்களைக் கொண்டு மீண்டும் வாசித்தே உருவானது. 1991-ல் நியூயார்க் நீதிமன்றம், ராப் கலைஞர் பிஸ் மார்க்கி உரிமை பெறாமல் பழைய பாட்டின் துண்டைப் பயன்படுத்தியதைக் கண்டித்துத் தீர்ப்பளித்த பின், உரிமை பெற்றே எடுத்தாள வேண்டும் என்பது அமெரிக்க இசைத்தொழிலின் நடைமுறையாக இறுகிற்று. மலேசியாவில் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், இந்தியாவில் 2012-ல் திருத்தப்பட்ட 1957-ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வுரிமைகளை வரையறுக்கின்றன. தம் பாடல்களின் உரிமை குறித்து இளையராஜா எழுப்பிவரும் கேள்விகள் தமிழ்ச் சூழலில் இதைப் பொதுப்பேச்சாகவே ஆக்கிவிட்டன. ஆக்கியோனுக்கு உரிய பங்கும் பெயரும் சேர வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், எடுத்தாள்வதற்கான வழி பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் விலையில் அமையுமானால், ‘மடை திறந்து’ போன்ற ஒன்று அடுத்த தலைமுறையில் பிறக்கவே பிறக்காது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

‘வல்லவ’னுக்குப் பிறகு தமிழ்த் திரையுலகமே யோகி பி-யைத் தேடி வந்தது. 2007-ல் வெற்றிமாறனின் ‘பொல்லாதவன்’ படத்தில், எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் 1979-ல் ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்துக்காகப் பாலசுப்பிரமணியம் பாடிய ‘எங்கேயும் எப்போதும்’ புதுவடிவம் பெற்றபோது யோகி பி குழுவினரின் ராப் அதில் இணைந்தது. கே. பாலச்சந்தர் இயக்கிய மூலப்படம் சிங்கப்பூருக்குப் பயணம் செய்யும் ஓர் இசைக்குழுவைப் பற்றியது என்பது இங்கு நினைக்கத்தக்கது: தமிழகத்து இசைக்குழு கடல் கடந்து போய்ப் பாடுவதாக அமைந்த பாட்டுக்கு, கடலின் இப்பக்கத்தைச் சேர்ந்தவர்கள் புது ஒலி சேர்த்தனர். ‘ஆடுகளம்’ (2011), ‘விவேகம்’ (2017), ‘தர்பார்’ (2020), ‘விடாமுயற்சி’ (2025) ஆகிய படங்களிலும் அவர் குரல் ஒலித்தது. பெரிய நடிகரின் அறிமுகக் காட்சிக்கோ சண்டைக்கோ வலிமை சேர்க்கும் குரலாக அது நிலைபெற்றுவிட்டது.

இவ்வெற்றியைப் பாராட்டும்போதே அதிலுள்ள இழப்பையும் சொல்லியாக வேண்டும். திரையுலகம் அவரிடமிருந்து பெரும்பாலும் எடுத்துக்கொண்டது குரலைத்தான். கோலாலம்பூரில் நான்கு மொழிகளை ஒரே உறைக்குள் வைத்த துணிவையும், ஒரு பழைய பாட்டின் வரலாற்றையே புதிய பாட்டின் பொருளாக்கிய நுட்பத்தையும் அது கேட்டு வாங்கவில்லை. ஒரு பாட்டில் சில நொடிகள் தோன்றி மறையும் விருந்தினருக்கு அவற்றைக் காட்ட இடமும் இல்லை. இந்தியத் தமிழகத்தில் 2010களில் ‘ஹிப்ஹாப் தமிழா’ முதலான குழுக்கள் படத்துக்கு வெளியே தொடங்கிப் படத்துக்குள் இசையமைப்பாளர்களாகவே நுழைந்தன. அவர்களுக்குத் திறந்த கதவைத் தட்டித் தளர்த்தியவர்களுள் மலேசியக் கலைஞர்களும் உண்டு. ஆயினும் சென்னையில் எழுதப்படும் தமிழ் ஹிப் ஹாப் வரலாறுகளில் மலேசியா பெரும்பாலும் ஒரு முன்னுரை வரியாகச் சுருங்கிவிடுகிறது. கோலாலம்பூரில் நடந்தது முன்னுரையன்று. அங்கேதான் முதல் அத்தியாயம் எழுதப்பட்டது.

அவ்வத்தியாயத்தை ஆராய விரும்பும் மாணவருக்குச் சான்றுகள் எங்கே கிடைக்கும் என்பது இன்று அவசரமான கேள்வி. 1990களின் ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடிக்கின்றன. குறுந்தகடுகளைப் படிக்கும் கருவிகளே வீடுகளிலிருந்து மறைந்துவிட்டன. பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும் பாட்டுக் கடைகளில் அடுக்கியிருந்த உள்ளூர்த் தொகுப்புகளின் இடத்தைக் கைப்பேசிச் செயலிகள் பிடித்துக்கொண்டன. செயலியில் பாட்டு கிடைக்கும். அட்டையுறையின் உட்பக்கத்தில் அச்சிட்டிருந்த விவரங்கள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. யார் தாளம் அமைத்தார், எந்தப் பதிவறையில் பதிவாயிற்று, கலவையையும் அதன்பின் இறுதி ஒலிச்சீரமைப்பான மாஸ்டரிங்கையும் செய்தவர் யார் என்ற குறிப்புகள் இல்லாமல் தயாரிப்பாளரின் வரலாற்றை எழுதவே முடியாது. பாடகரின் பெயர் எப்படியும் நிலைக்கும். முதலில் அழிவது மற்றவர்களின் பெயர்களே.

மலேசியாவில் 1986-ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம், அச்சு நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் வெளியிட்டோர் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வகைசெய்கிறது. சொந்தச் செலவில் குறைந்த படிகள் வெளியிட்ட தமிழ்க் கலைஞர்களும் குழுக்களும் தங்களிடம் எஞ்சியுள்ள படிகளை உறையோடு அங்குச் சேர்ப்பது முதல் வேலை. ஒப்படைக்கப்படும் வட்டில் இருப்பது முடிந்த பாட்டு மட்டுமே. பாட்டு எப்படிக் கட்டப்பட்டது என்பதைக் காட்டும் பல்தடக் கோப்புகள், அதாவது குரல், தாளம், அடித்தந்தி, எடுத்தாண்ட துண்டு ஆகியவை தனித்தனியே நிற்கும் பதிவுகள், இன்றும் கலைஞர்கள் வீட்டுப் பழைய கணினிகளிலும் வன்தட்டுகளிலும்தான் இருக்கக்கூடும். வன்தட்டின் ஆயுள் குறுகியது. பல்கலைக்கழகங்களின் இந்திய ஆய்வியல், தமிழ்த் துறைகள், கலைஞர்கள் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே அவர்களோடு அமர்ந்து, ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியே ஒலிக்கவிட்டு, அது எங்கிருந்து வந்தது, யார் வாசித்தது, ஏன் அந்த இடத்தில் வைக்கப்பட்டது என்று கேட்டு எழுதி வைக்கும் பணியை ‘வல்லவன்’ தொகுப்பிலிருந்தே தொடங்கலாம்.